மதுரையில் இரண்டரை நாள்

முதல் நாள், வெள்ளி

மணி பன்னிரண்டாகப் போகிறது. கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. சரி, இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் படிக்கிறேன். போன முதல் அக்டோபரிலேயே வகுப்புத் தோழிகள் இருவரோடு வியன்னாவுக்குக் கிளம்பினேன். வெள்ளி மதியம் வகுப்பு முடிந்ததும் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் செம்மரிங் மலைப்பாதை. 1854இல் போட்ட தடத்தில் இன்றைக்கும் ரயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஞாயிறு இரவு திரும்பிவிட்டோம். அந்த இரண்டரை நாளும் வியன்னாவின் பழைய நகரத்தைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தேன். எந்த வீட்டு நிலைக்கு மேல் என்ன சிற்பம் இருக்கிறது என்றுகூட நின்று பார்த்தேன். திரும்பும் ரயிலில் ஒரு தோழி கேட்டாள்: "உங்க ஊருக்கு நாங்க ரெண்டரை நாள் வந்தா எங்கெல்லாம் கூட்டிப் போவே?" மீனாட்சியம்மன் கோயில் என்றேன், நாயக்கர் மகால் என்றேன். அதற்கு மேல் சொல்ல வாயில் ஊர் வரவில்லை. பிறந்ததிலிருந்து இருபத்தொரு வருடம் இருந்த ஊர். அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது.

இப்போது கோடை விடுமுறை. இங்கே ஆடி மாதம், காற்று கதவை அறைகிறது. வியன்னாவுக்குக் கொடுத்த அதே வெள்ளி, சனி, ஞாயிறை மதுரைக்கும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அங்கே எப்படிப் போனேனோ அப்படியே: முதுகில் ஒரு பை, தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு. ஸ்கூட்டி கிடையாது, வீட்டுச் சாப்பாடும் கிடையாது. அம்மாவிடம் சொன்னபோது, "எனக்குத் தெரியாத மதுரையா? நானும் வர்றேன், நீ எங்கிட்டாவது சுத்திட்டு நிப்பே" என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா பிறந்தது வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில். கல்யாணமாகி எல்லீஸ் நகருக்கு வந்தவர்.

மாலை ஐந்து மணிக்குக் கோயில். ஆடி வெள்ளி என்பதால் கீழ வாசலில் வரிசை சித்திரை வீதி வரை நின்றது. போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கையில் போன் இல்லாமல் நான்கரை மணி நேரம் இருந்தது எனக்கு இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் கண் பார்த்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலையில் பொற்றாமரைக் குளத்துக் கரையில் ஊஞ்சல் உண்டு. அம்மனையும் சுவாமியையும் ஊஞ்சல் மண்டபத்தில் எழுந்தருளச் செய்து ஆட்டுவார்கள். சின்ன வயதில் அம்மா தோளில் இருந்து பார்த்தது. இன்றைக்கு அம்மா குட்டையாகத் தெரிந்தார். முன்னால் நின்றவர்களை விலக்கி நான்தான் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். குளத்துப் படியில் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரம் தெரிகிறது. கோயிலின் பதினான்கு கோபுரங்களிலும் உயரமானது அதுதான், ஏறத்தாழ 170 அடி. வெயில் இறங்க இறங்கக் கீழே உள்ள பொம்மைகள் நிழலுக்குள் போய், உச்சியில் இருப்பவை மட்டும் கடைசி வரை வெளிச்சத்தில் நின்றன.

அப்புறம் ஆடி வீதிக்கு வந்து உட்கார்ந்தோம். பேர்தான் வீதி, கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கும் அகலமான கல் பாவிய இடம். பகல் சூடு கல்லில் இன்னும் இருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் வழுக்கி வழுக்கி ஓடினார்கள். அம்மா தூணில் சாய்ந்துகொண்டு, "பத்தாவது பரிச்சைக்கு இங்கன உக்காந்துதான் படிச்சேன், வீட்டுல வெளிச்சம் பத்தாது" என்றார். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

ஒன்பது மணிக்குப் பிறகு பள்ளியறை பூஜை. இதற்காகத்தான் காத்திருந்தோம். சுவாமியின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, சுந்தரேசுவரர் சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குத் தூக்கி வருவார்கள். தினமும் ராத்திரி நடப்பதுதான். ஒரு நாள் தவறாமல் நடப்பதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நாகஸ்வரம் முன்னால் வர, சாம்பிராணிப் புகைக்கு நடுவே பல்லக்கு அசைந்து வந்தது. கூட்டம் சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிட்டது. திரை, தீபம், பாட்டு. கடைசியில் உள்ளங்கையில் ஒரு மடக்கு பால் ஊற்றினார்கள்.

வியன்னாவின் அரசு ஓபராவில் நின்று பார்க்கிறவர்களுக்கென்று குறைந்த விலை டிக்கெட் உண்டு. மாணவர்களுக்கு அது பெரிய வரம். வரிசையில் காத்திருந்து, மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றபடி கேட்டேன். மொழி புரியாவிட்டாலும் கண்ணில் நீர் வந்தது. அன்றைக்கு எனக்குள் நடந்தது இன்றைக்கும் நடந்தது. இங்கே ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அது ஒன்றுதான் வேறு.

வெளியே வந்து போனை வாங்கியபோது அம்மா அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வீடு வர்ற வரைக்கும் சும்மா வா." நடந்தே வந்தோம்.

இரண்டாம் நாள், சனி

இன்றைய திட்டம் ரொம்ப நாளாக மனதில் இருந்தது. மதுரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்கள். நடுவில் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதிகள், சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள். உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு முழுச் சுற்று நடப்பது. ஆடி வீதியை நேற்றே சுற்றிவிட்டதால் மிச்சம் நான்கு.

காலை ஆறு மணிக்குச் சித்திரை வீதி. இப்போது இங்கே வண்டிகள் வருவதில்லை. கல் பாவி, நடப்பவர்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். வாக்கிங் போகிறவர்கள் ஒவ்வொரு கோபுர வாசலிலும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைத் தொடர்கிறார்கள். கீழ வாசலில் பூக்காரம்மா ஒருவர் மல்லி தொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா முழம் எவ்வளவு என்று கேட்டு, பேரம் பேசி, இரண்டு முழம் வாங்கி ஒன்றை என் தலையில் வைத்தார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராஸில் குளிர்காலத்தில் என்னை மிகவும் ஏங்க வைத்த வாசனை இது. கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பேன், வராது.

கிழக்கே எதிரில் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. எனக்குத் தெரிந்த புதுமண்டபம் தையல் மிஷின் சத்தத்தால் ஆனது. தூணுக்குத் தூண் தையல்காரர்கள், நடுவே பாடப்புத்தகக் கடைகள், வளையல், பாத்திரம். என் பள்ளிச் சீருடை எல்லாம் இங்கே நாயக்க மன்னர் சிலை ஒன்றின் காலடியில் தைத்ததுதான். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது. ஆனால் "அண்ணே, தைச்சாச்சா?" என்று அம்மா குரல் கொடுத்த இடம் வெறிச்சென்று இருந்ததைப் பார்க்க மனசு கனத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்கும் கிழக்கே, எழுகடல் தெருப் பக்கம், ராயகோபுரம். மதுரைக்காரர்களே பாதிப் பேர் இதை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அண்ணாந்து பார்க்க மேலே ஒன்றும் இல்லை. அடித்தளமும் பிரமாண்டமான கல் நிலைகளும் மட்டும் நிற்கின்றன. திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் போன கோபுரம். நிலைக்கால் அருகே நின்றால் என் உயரம் கீழ் வரிசைச் சிற்பங்களோடு முடிந்துவிடுகிறது. இது முடிந்திருந்தால் தெற்குக் கோபுரத்தையும் மிஞ்சியிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் நான் இதே மாதிரி நின்றிருக்கிறேன். அதன் தெற்குக் கோபுரம் 136 மீட்டர், 1433இல் முடித்தது. 343 படி ஏறி ஊரைப் பார்த்தேன். வடக்குக் கோபுரத்தையும் அதே உயரத்துக்குக் கட்டத்தான் ஆரம்பித்தார்கள். 1511இல் வேலை நின்றுவிட்டது. பாதி உயரத்தில் ஒரு தொப்பி வைத்து மூடி, இன்றைக்குப் பெரிய மணியை அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே அந்தக் குட்டைக் கோபுரத்தைப் பற்றிப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ராயகோபுரத்தைத் தாண்டிப் பாத்திரக் கடைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவையும் நிற்கவில்லை. இன்றைக்கு அரை மணி நேரம் நின்றேன். அம்மா பித்தளைக் குடம் விலை கேட்கப் போய்விட்டார்.

ஆவணி மூல வீதியைச் சீக்கிரமே முடித்தோம். தெற்கில் நகைக்கடைகள் திறந்துகொண்டிருந்தன, படியில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள்.

மாசி வீதிகள் வேறு உலகம். சித்திரைத் தேர் ஓடுவது இந்த நான்கு வீதிகளில்தான். தேரோட்டமும் திருக்கல்யாணமும் முன்பு மாசியில் நடந்தன, திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். திருவிழா நகர்ந்தாலும் வீதி பேரை விடவில்லை. கீழ மாசி வீதியில் மிளகாய், மல்லி, புளி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தும்மிக்கொண்டே நடந்தோம். வடக்கு மாசி வீதியில் அம்மாவின் நடை மாறியது. இந்தத் திண்ணையில் பாட்டி உட்காருவார், இந்தக் கிருஷ்ணன் கோயிலில் வெண்ணெய் கொடுப்பார்கள், இந்த வளைவில் தேர் திரும்பும்போது மாடியிலிருந்து சித்தி விழப் பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடிக் கடை. அம்மா அதன் முன்னால் கொஞ்சம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேல மாசி வீதியில் ஒரு கதர்க் கடை இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி மதுரை வந்தபோது தங்கிய வீடு. சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு 22ஆம் தேதி அரையாடையோடு வெளியே வந்தார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கோலம் இந்தத் தெருவில் தொடங்கியது. கிராஸில் ஒரு வகுப்பறைச் சுவரில் அவர் படம் இருக்கிறது. அடுத்த தடவை அதைப் பார்க்கும்போது மேல மாசி வீதி போக்குவரத்துச் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

மதியம் சாப்பாடு, இலையில் அயிரை மீன் குழம்பு. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். நின்றுகொண்டே குடித்தோம், அதுதான் முறை.

அந்த விளக்குத்தூணில்தான் இன்றைய நாளின் மையம் இருக்கிறது. மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. 1830களின் கடைசியிலும் 1840களின் தொடக்கத்திலுமாக அவர்தான் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்க வைத்தவர். ஊர் பெருகிவிட்டது, சுவருக்குள் மூச்சு முட்டியது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். கோட்டை போன இடத்தில் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. மாரட், அளந்த அதிகாரி. பெருமாள், வேலையை நடத்திய மேஸ்திரி. ஒரு மேஸ்திரியின் பேரைத் தெருவுக்கு வைத்த ஊர் இது. எனக்கு அதில் தனிப் பெருமை.

வியன்னாவில் எல்லோரும் முதலில் போவது வளையச் சாலைக்குத்தான். ஊரைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு மேல். டிராமில் ஏறினால் ஓபரா, நாடாளுமன்றம், பல்கலைக்கழகம் என்று வரிசையாக வரும். அதுவும் கோட்டைச் சுவர் இருந்த இடம். 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் சுவரை இடிக்க உத்தரவிட்டார். 1865 மே 1இல் சாலையைத் திறந்தார்கள். அந்தக் கதையை வியன்னாவில் கேட்டபோது வாய் பிளந்து கேட்டேன். இன்றைக்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: மதுரை முந்திக்கொண்டிருக்கிறது. அங்கே பேரரசின் மாளிகைகள் எழும்பின. இங்கே கடைகள், லாட்ஜுகள், பஸ் நிலையம், சாதாரண ஜனங்களின் பிழைப்பு.

மகாலுக்குப் போகும் முன் பத்துத்தூண் சந்துக்குள் அம்மா இழுத்துப் போனார், சேலைக்காக. சந்து நெடுக ஜவுளிக் கடைகள், இடையிடையே வானத்தை முட்டும் பத்துக் கல் தூண்கள். கடைக்காரர் உள்ளே யாரிடமோ சௌராஷ்டிரத்தில் பேசிவிட்டு எங்களிடம் தமிழுக்குத் திரும்பினார். சுங்குடி விரித்தார். துணியை நகத்தால் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால் கட்டின இடமெல்லாம் புள்ளி. கைக்கட்டுச் சேலையில் எந்தப் புள்ளியும் இன்னொன்றைப் போல இருக்காது. அச்சுச் சேலையில் எல்லாம் ஒரே அளவு. அம்மா அரக்கில் ஒன்று எடுத்தார்.

"இந்தத் தூணெல்லாம் என்னன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"பத்துத் தூணு. நான் பொறந்ததுலருந்து நிக்குது."

இவை திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்கள் என்றேன். 1636இல் கட்டிய அரண்மனை இந்தச் சந்து வரைக்கும் இருந்தது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார்கள். இன்றைக்கு நாம் மகால் என்று பார்ப்பது கால் பங்குதான். அம்மா சேலைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தூணில் உள்ளங்கையை வைத்தார். கைப்பிடிச் சுவரைத் தொடுவது போல அல்ல, காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைப்போமே அப்படி. "இம்புட்டு தூரமா!" என்றார்.

பிறகு மகாலின் சொர்க்க விலாசத்துக் குவிமாடத்தின் கீழ் நின்றபோது, அவர் பார்த்தது குவிமாடத்தை அல்ல. வெளியே வீடுகளாகிப் போன மிச்ச முக்கால் பங்கைக் கையால் காற்றில் அளந்துகொண்டிருந்தார்.

இரவு பத்து மணிக்கு மேல் அப்பாவும் சேர்ந்துகொள்ள வெளி வீதிகளைச் சுற்றினோம். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் மேற்கு வாசல் துண்டு ஒன்று இன்னும் நிற்கிறது. பஸ் வெளிச்சம் பட்டுப் பட்டு நகர்ந்தது. பதினொன்றரைக்கு ஆவி பறக்கும் இட்லி, நான்கு சட்னி. வியன்னாவில் அந்த முதல் ஞாயிறு கடைகள் மூடிக் கிடக்க, பையில் பிஸ்கட்டும் இல்லாமல் பசியோடு நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஞாயிறு ஓய்வு சட்டமாகவே இருக்கிறது. கடையில் வேலை பார்ப்பவர்களை நினைத்தால் அது நல்ல சட்டம்தான். ஆனாலும் இட்லித் தட்டு கையில் இருக்கும்போது தூங்காத ஊரில் பிறந்ததற்கு நன்றி சொல்லத் தோன்றியது.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலை பஸ்ஸில் கீழக்குயில்குடி. தேனி சாலைப் பக்கம், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உள்ளே. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீ போயிட்டு வா, நான் சாமி கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றார். செட்டிப்புடவுக்கு மலையைச் சுற்றிப் போனால் உயரம் குறைவு என்று சொல்லி அழைத்துப் போனேன்.

புடவு என்றால் குகை. வாசலில் பெரிய தீர்த்தங்கரர் சிலை, அமர்ந்த கோலம். காது நீண்ட அந்த உருவத்தை ஊர்க்காரர்கள் செட்டியார் என்றே அழைத்திருக்கிறார்கள், குகைக்கும் அதே பேர். உள்ளே விதானத்தை ஒட்டிச் சின்னச் சின்னச் சிற்பங்கள். சிங்கத்தின் மேல் வில்லோடு ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன். ஆயிரம் வருடம் தாண்டியும் அந்தப் பெண்ணின் வில் நாண் தளரவில்லை. அம்மா குகைக்குள் உட்கார்ந்து பத்து நிமிடம் காற்று வாங்கினார். "மேல என்ன இருக்கு?" என்று அவரே கேட்டார்.

பேச்சிப்பள்ளத்துக்குப் பாறையில் வெட்டிய படிகள், பிடிக்கக் கம்பி. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினோம். மேலே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாக மகாவீரர், பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு எழுத்து. எங்களுக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. வாசகத்தைக் குறித்து எடுத்துப் போயிருந்தேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்: "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

அச்சணந்தி பெரிய சமணத் துறவி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் என்று பல மலைகளில் அவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே அவர் அம்மாவின் பெயர்.

"இன்னொருக்கா படி" என்றார் அம்மா.

படித்தேன்.

"அந்தம்மாவும் இந்தப் பாறையேறி வந்து பாத்திருக்கும்ல?"

படிகளும் கம்பியும் அன்றைக்கு இருந்திருக்காது. அம்மா சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் ஊர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. நேற்று வாங்கிய அரக்குச் சுங்குடியைத்தான் கட்டியிருந்தார், எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

இறங்க ஏற்றத்தைவிட நேரமாயிற்று. ஆலமரத்தடியில் இளநீர் குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைத்ததும் அம்மா சித்திக்குப் போன் போட்டார். பஸ் சத்தத்தை மீறிக் கத்திப் பேசினார்.

"ஏய், நாங்க சமணர் மலை ஏறிட்டு வர்றோம்டி... ஆமா, நான்தான், உச்சி வரைக்கும். அங்க ஒரு அம்மா பேரு வெட்டிருக்காக. குணமதியார். ஆயிரம் வருசத்துக்கு முந்தி. மகன் சாமியாராப் போயி மலை மலையாச் சுத்தியிருக்கான், அந்தம்மா அவுக காசுல ஒரு சிலை செஞ்சு வச்சிருக்கு... அதெல்லாம் முடியும், கம்பி போட்டிருக்காக. அடுத்த ஞாயிறு வா, நான் கூட்டிட்டுப் போறேன். சாப்பாடு நான் கட்டிக்கிறேன், நீ தண்ணி மட்டும் எடுத்துட்டு வா."